வண்டிக்குக் கால் மாற்றிய கதை



போன வாரம் கனடாவிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் போனில் பேசினான். வகுப்பு நடக்கும்போது வெளியே டிராக்டர் சத்தம் கேட்டால் எழுந்து நின்று எட்டிப் பார்க்கிற பையன் அவன். இன்று நாற்பது வயதுக்காரன். "சார், பழைய ஸ்னோமொபைல் ஒண்ணு வாங்கியிருக்கேன். பனி மேல ஓட்டுற வண்டி. திருப்பினா திரும்ப மாட்டேங்குது, நேரா இழுத்துக்கிட்டே போகுது. முன்னாடி இருக்கிற ஸ்கீயை மாத்துன்னு எல்லாரும் சொல்றாங்க. கடைக்குப் போனா பல வகை இருக்கு. எதை எடுக்கிறதுன்னே தெரியல" என்றான்.

"டேய், மார்கழிப் பனியைத் தவிர வேறு பனி பார்க்காத இரும்பைக்காரன்கிட்ட இதைக் கேட்கிறியே" என்று சிரித்தேன். ஆனால் போனை வைத்த பிறகு அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. ஐம்பது வருடங்களுக்கு முன்னால் நம் தெருவில், நம் வீட்டுத் திண்ணையில் கேட்கப்பட்ட கேள்விதானே அது! "கட்டை வண்டிக்குச் சக்கரத்தை மாத்தி டயர் போட்டுடலாமா?" தரையைத் தொடுகிற உறுப்பை மாற்றினால் வண்டி நன்றாகப் போகுமா என்பதுதான் இரண்டு கேள்வியும். இன்றைய பாடம் அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துப் படியுங்கள்.

முதலில் அவனுடைய வண்டியின் கதை. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வால்கோர்ட் என்ற ஊரில் 1907இல் பிறந்தவர் ஜோசப் ஆர்மண்ட் பம்பார்டியர். அந்த ஊரில் குளிர்காலம் வந்தால் சாலைகள் பனியில் புதைந்துவிடும். குதிரை பூட்டிய சறுக்கு வண்டிதான் கதி. பனியில் ஓடும் மோட்டார் வண்டி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று சிறு வயது முதலே அவர் முயன்றுகொண்டிருந்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் நோய் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. பட்டறையில் இருந்த வண்டியும் ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்துபோனது. அதன் பிறகு அந்த மனிதர் விடவில்லை. பல்சக்கரம் சுழற்றும் ரப்பர் பட்டைக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் உட்காரும் பனி வண்டியைச் செய்தார். அந்த மாதிரி வண்டிகள் டாக்டரையும் தபாலையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிச் சென்றன. 1959இல் 'ஸ்கீ டூ' என்ற சிறிய வண்டி வந்தது. ஒருவர் இருவர் உட்கார்ந்து ஓட்டும் இன்றைய ஸ்னோமொபைல் உலகெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான்.

அந்த வண்டியின் அமைப்பு எளிது. பின்னால் ரப்பர் பட்டை சுழன்று தள்ளும். முன்னால் இரண்டு ஸ்கீக்கள், அதாவது சறுக்குப் பலகைகள், வழிகாட்டும். பழைய வண்டிகளில் அவை இரும்புத் தகட்டால் ஆனவை. பிறகு கடினமான பிளாஸ்டிக்கில் வந்தன. எடை குறைவு, ஈரப் பனி அவ்வளவாக ஒட்டாது. பலகையின் அடியில் நீளவாக்கில் ஒரு மேடு இருக்கும். அந்த மேட்டின் அடியில் ஒரு இரும்புக் கம்பி, அதில் தேயாத கார்பைடு முனை. பனிக்கட்டியைக் கடித்து வண்டியைத் திருப்புவது அந்தக் கம்பிதான். புதுப் பனி ஆழமாகப் பூவாக விழுந்து கிடக்கும் இடத்தில் அகலமான பலகை மிதக்கும், ஒல்லியான பலகை புதைந்துவிடும். பலர் ஓடி இறுகிய தடத்தில் ஆழமான மேடும் நீளமான கார்பைடும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் கைப்பிடி கனக்கும், தோள் வலிக்கும். முன்னே போன வண்டிகள் கீறிய பள்ளத்தில் பலகை சிக்கி, வண்டி தானாகவே இப்படியும் அப்படியும் ஓடும். அதைக் குறைக்க இரட்டை மேடு வைத்த பலகையும் உண்டு. எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே பலகை என்று ஒன்று கிடையாது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு நம் வண்டித் தடம்தான் நினைவுக்கு வந்தது. மழைக்குப் பிறகு செம்மண்ணில் விழுந்த வண்டித் தடம் வெயிலில் காய்ந்து கல்லாகிவிட்டால், அடுத்த வண்டியின் சக்கரம் அதற்குள் விழுந்து வெளியே வர மறுக்கும். வண்டிக்காரன் ஒரு பக்கம் இழுப்பான், வண்டி தடம் சொன்ன பக்கம் போகும். பனியும் செம்மண்ணும் இதில் ஒன்றுதான்.

இப்போது நம் சக்கரத்துக்கு வருவோம். இரும்பையிலிருந்து அதிக தூரம் இல்லாத திண்டிவனத்தில்தான் கிடங்கில் இருக்கிறது. அது ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் தலைநகர். அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையிலேயே உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டி வரிசை வருகிறது. பெரும்பாணாற்றுப்படை இன்னும் ஒரு படி மேலே போய், உப்பு வண்டியின் சக்கரத்தையே வருணிக்கிறது. ஆரக்கால்கள் எப்படிப் பொருந்தியிருந்தன, குடம் எப்படி முழவு போல இருந்தது என்றெல்லாம் அதில் காணலாம். புறநானூற்றில் ஔவையார் பாடிய ஒரு பாட்டில், உமணர்கள் வழியில் முறிந்தால் மாற்றுவதற்கென்று வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டி எடுத்துப் போவது வருகிறது. சேம அச்சு என்று அதற்குப் பெயர். இன்று காரில் ஸ்டெப்னி வைத்திருக்கிறோமே, அதற்கு நம் ஊரில் வயது ஏறத்தாழ இரண்டாயிரம் வருடம்.

என் சிறு வயதில் பார்த்த சக்கரமும் அந்தப் பரம்பரைதான். நடுவில் குடம். குடத்திலிருந்து ஆரக்கால்கள். இரண்டு இரண்டு ஆரக்காலுக்கு ஒரு வட்டை. வட்டைகள் சேர்ந்தால் வட்டம். அதைச் சுற்றி இரும்புப் பட்டை. மரம் பெரும்பாலும் கருவேலம். பட்டை கட்டும் நாள் எங்களுக்குத் திருவிழா. சக்கரத்தின் சுற்றளவை விடக் கொஞ்சம் குறைவாகப் பட்டையை வளைத்து, எருமூட்டம் போட்டுச் செக்கச் செவேலென்று காய்ச்சுவார்கள். சூட்டில் இரும்பு விரியும். நான்கு பேர் குறடால் தூக்கிச் சக்கரத்தின் மேல் மாட்டி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். புகையும் ஆவியும் கிளம்ப, இரும்பு சுருங்கி எல்லா மூட்டையும் ஒரே பிடியாக இறுக்கிவிடும். வெப்பத்தால் திடப்பொருள் விரிவடையும் என்ற பாடத்தை நான் வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இந்த உதாரணத்தைத்தான் சொல்லியிருக்கிறேன். உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

அந்தச் சக்கரம் ஆள் மார்பளவு உயரம். உயரமாக இருந்ததால் வரப்பையும் கல்லையும் எளிதாக ஏறிக் கடக்கும். ஒல்லியாக இருந்ததால் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டித் தரையைத் தொடும். முள் குத்தினால் அதற்கு ஒன்றும் ஆகாது. குறைகளும் இருந்தன. மணலில் புதையும். கல் ரோட்டில் ஒவ்வொரு அதிர்ச்சியும் நேராக மாட்டின் கழுத்துக்குப் போகும். வண்டியின் சொந்த எடையே அதிகம்.

இதற்கு முதல் எதிரி மாடு நேசர்கள் அல்லர், ரோடு போட்டவர்கள்தான். மோட்டார் வண்டி வந்த பிறகு நல்ல சாலை தேவைப்பட்டது. 1927இல் ஜெயகர் தலைமையில் சாலை வளர்ச்சிக் குழு அமைந்தது. 1929இல் மத்திய சாலை நிதி வந்தது. 1934இல் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் தொடங்கியது. பொறியாளர்களுக்கு இருந்த பெரிய தலைவலிகளில் ஒன்று இரும்புப் பட்டைச் சக்கரம். இரண்டு அங்குல அகலமுள்ள பட்டை, அத்தனை பாரத்தையும் ஒரே கோட்டில் இறக்கி, சல்லியை அரைத்துப் பொடியாக்கிவிடும். காற்று டயர் போட்ட மாட்டு வண்டி அதற்கு ஒரு தீர்வாக வந்தது.

அந்தக் காற்று டயரின் கதையிலும் ஒரு அப்பாவும் பிள்ளையும் உண்டு. ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845இலேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அது வழக்கத்துக்கு வரவில்லை. பெல்ஃபாஸ்ட் நகரில் இருந்த ஜான் பாய்டு டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்று ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் கட்டினார். 1888இல் காப்புரிமை பெற்றார். அவர் தொழில் என்ன தெரியுமா? கால்நடை மருத்துவர். மாட்டு வைத்தியர் கண்ட டயர் கடைசியில் மாட்டு வண்டிக்கே வந்து சேர்ந்தது. டன்லப் கம்பெனி 1936இல் வங்காளத்தின் சாகாகஞ்சிலும் 1959இல் நம் அம்பத்தூரிலும் ஆலை திறந்தது. எம்.ஆர்.எப். திருவொற்றியூரில் டயர் செய்யத் தொடங்கியது 1961இல். கால்நடை இழுக்கும் வண்டிக்கென்றே தனி டயர் செய்து விற்றார்கள். 19 அங்குல வளையத்தில் 8 அங்குல டயர் என்பது அதில் பழகிப்போன ஓர் அளவு. எல்லாரும் புது டயர் வாங்கவில்லை. பழைய ஜீப், லாரி அச்சையும் தேய்ந்த டயரையும் வாங்கி வந்து பட்டறையில் பொருத்திக்கொண்டவர்களும் நிறைய. வண்டி பழையது, கால் மட்டும் புதியது. என் கனடா மாணவன் செய்ய நினைப்பதும் அதேதான்.

நம் ஊரில் யார் டயர் போட வேண்டும், யார் போடக்கூடாது என்பது பெரிய விவாதம். மரக்காணம் பக்கம் உப்பும் சவுக்கும் ஏற்றுபவர்களுக்கு மணல் வழி. அங்கே அகலமான டயர் மிதந்து போகும், பட்டைச் சக்கரம் புதையும். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குத் தார் ரோட்டில் கரும்பு ஓட்டுபவர்களுக்கும் டயர்தான் சரி. ஆனால் வயலுக்குள் இறங்கி எரு கொட்டி, வரப்பு ஏறி, களிமண் சேற்றில் புரள்கிறவனுக்குப் பழைய உயரமான சக்கரமே மேல். டயர் வண்டியின் அச்சு தாழ்வாக இருப்பதால் சேற்றில் தட்டும். கருவேல முள் வேறு. எந்த மரத்தில் சக்கரம் செய்தோமோ அந்த மரத்தின் முள்ளே டயரைக் குத்திக் காற்றை இறக்கும்! எங்கள் பெரியப்பா சொல்வார்: "அடுத்தவன் வண்டியப் பாத்துச் சக்கரம் மாத்தாத, உன் வழியப் பாத்து மாத்து."

எங்கள் அப்பா மாற்றினார். நான் அப்போது ஏழாம் வகுப்பு. எங்களிடம் இரண்டு மாடு, ஒன்று செவலை, ஒன்று மயிலை. டயர் போட்ட முதல் நாள் வண்டி சத்தமில்லாமல் போனது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கடகடவென்ற ஒலி இல்லை, மாட்டின் கழுத்து மணி மட்டும் கேட்டது. மாடுகள் வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தன. அம்மா கூட, "இனிமே அதுங்களுக்குக் கழுத்துப் புண்ணு வராது" என்று சந்தோஷப்பட்டாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு அறுவடைதான் நீடித்தது. வண்டி லேசாக ஓடுகிறது என்று தெரிந்ததும் அப்பா இரண்டு மூட்டை கூட ஏற்றினார். பிறகு நான்கு. பிறகு வாடகைக்குப் பிறர் மூட்டையும் சேர்ந்தது. அதற்கு முன் மாடு இழுத்த அதே கஷ்டத்துக்குப் பாரம் வந்து நின்றது. கழுத்துப் புண் திரும்பி வந்தது. டயர் கொடுத்த லாபம் முழுவதும் மூட்டைக்குப் போய்விட்டது, மாட்டுக்கு ஒரு பிடி கூட மிஞ்சவில்லை.

ஒரு நாள் மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு புதுச்சேரிப் பக்கம் புறப்பட்டோம். நம்முடையது மேட்டு நிலம், கடற்கரைப் பக்கம் போகும்போது வழி சரிந்து இறங்கும். பட்டைச் சக்கரம் என்றால் அதன் உராய்வே பாதி பிரேக். டயர் தடையில்லாமல் உருளும். வண்டிக்கோ பிரேக் கிடையாது. சரிவில் அத்தனை பாரமும் முன்னால் சாய்ந்து நுகத்தடி வழியாக மாடுகளின் கழுத்தில் ஏறியது. அப்பா குதித்து இறங்கி வண்டியைப் பிடித்து இழுத்தார். நானும் பின்னால் தொங்கினேன். மயிலை முழங்கால் மடித்து விழுந்தது. வண்டி அதன் மேல் தள்ளிக்கொண்டு போய் நின்றது. எழுந்தது, ஆனால் பிறகு ஒருநாளும் பாரம் இழுக்கவில்லை. அதை விற்கவும் அப்பாவுக்கு மனம் வரவில்லை. கொட்டகையிலேயே வைத்துத் தீனி போட்டார்.

அடுத்த வாரம் அவர் இரண்டு வேலை செய்தார். வண்டியின் பின் பக்கம் மரக்கட்டையால் ஒரு பிரேக் வைத்தார். வண்டியின் பக்கக் கழியில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு மேல் மூட்டை ஏறக்கூடாது. கோடு அழிந்தால் பொங்கலுக்குப் பொங்கல் புதுப்பிப்பார். யாராவது கேட்டால், "அது மயிலை போட்ட கோடு" என்பார், வேறு ஒன்றும் சொல்லமாட்டார்.

பல வருடம் கழித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்த பிறகுதான் எனக்குச் சட்டம் ஒன்று இருப்பது தெரிந்தது. பார வண்டி, பொதி சுமக்கும் கால்நடைகளுக்கு வதை தடுக்கும் விதிகள், 1965. நடுத்தர மாட்டுக்கு அதில் உள்ள அளவைப் பாருங்கள். காற்று டயர் இல்லாத இரு சக்கர வண்டி என்றால் 700 கிலோ. காற்று டயர் என்றால் 1,050 கிலோ. பால் பேரிங் பொருத்தியிருந்தால் 1,400 கிலோ. மாடு அதே மாடு. சக்கரத்தை வைத்து எவ்வளவு ஏற்றலாம் என்று அரசாங்கம் கணக்குப் போட்டிருக்கிறது. நல்ல சக்கரம் மாட்டின் பாரத்தைக் குறைக்கும் என்பது உண்மை என்பதற்கு இந்த எண்களே சாட்சி. அந்தக் குறைவை மனிதன் மூட்டையாக மாற்றிக்கொள்வான் என்பதற்கும் இவையே சாட்சி. ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், இடைவிடாமல் 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக்கூடாது, 37 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை பூட்டக்கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன.

இந்த விஷயத்தைப் பெரிய படிப்பாக எடுத்துக்கொண்டவர் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி. மேலாண்மைப் பள்ளியின் தலைவர் மாட்டு வண்டியைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். நாட்டில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மாட்டு வண்டிகள் ஓடுகின்றன, இது சின்ன விஷயமில்லை என்றார் அவர். சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதாது, வண்டியின் எடை குறைய வேண்டும், பேரிங் வேண்டும், பிரேக் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கழுத்தை அறுக்கும் நுகத்தடி மாற வேண்டும் என்று வலியுறுத்தினார். வள்ளுவரும் வலியறிதல் அதிகாரத்தில் இதைத்தான் சொன்னார். மயிலிறகுதானே என்று அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும். சக்கரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தக் குறள் மாறாது.

கதை அத்தோடு முடியவில்லை. மாட்டு வண்டி போய் டிராக்டர் வந்தது. அதன் ரப்பர் டயர் நடவு வயல் சேற்றில் வழுக்கிச் சுற்றும். அதற்கு மாற்று, கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம். சேற்றைக் கடித்துப் பிடித்து மிதித்துத் தள்ளும். ஆனால் அதே சக்கரத்தோடு தார் ரோட்டில் ஏறினால் ரோடு கிழிந்துபோகும். அதனால்தான் கேஜ் வீலோடு சாலையில் வராதீர்கள் என்று மாவட்ட நிர்வாகங்கள் திரும்பத் திரும்ப அறிவிக்கின்றன. ரோட்டைக் கெடுக்கிறது என்று எந்த இரும்பை இறக்கினோமோ, அதே இரும்பு வேறு உருவத்தில் திரும்பி வந்தது. சேற்றில் அது சரி, ரோட்டில் அது தப்பு. சக்கரத்தில் நல்லது கெட்டது இல்லை, இடம்தான் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து மாணவனைக் கூப்பிட்டேன். "தம்பி, மூன்று விஷயம் சொல்றேன். முதல்ல, இருக்கிற ஸ்கீயைக் கவுத்துப் பாரு. அடியில இருக்கிற கார்பைடு தேஞ்சிருந்தா அதனாலயே வண்டி திரும்பாது. ரெண்டு ஸ்கீயும் நேரா நிக்குதான்னு பாரு. முன் பக்கம் போதுமான பாரம் இறங்குதான்னு பாரு. அந்தக் காலத்துல வண்டி இறுகினா, சக்கரத்தை மாத்துறதுக்கு முன்னாடி வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைச்ச மையைத்தான் முதல்ல போடுவோம். ரெண்டாவது, நீ ஓட்டப்போறது இறுகின தடத்திலயா, ஆழமான புதுப் பனியிலயான்னு முடிவு பண்ணிட்டு அதுக்கேத்ததை எடு. உன் வண்டி மாடலுக்குப் பொருந்துற ஆணியும் ரப்பரும் சேர்த்து வாங்கு. பக்கத்து வீட்டுக்காரன் வாங்கினதை வாங்காதே."

"மூணாவது என்ன சார்?" என்றான்.

"வண்டி நல்லாத் திரும்ப ஆரம்பிச்சதும் உனக்கு வேகமாப் போகத் தோணும். புது ஸ்கீ கொடுக்கிற லாபத்தை வேகத்துக்குக் கொடுத்துடாதே. உன் உயிருக்கும் எதிரே வர்றவன் உயிருக்கும் கொடு. இங்க நாங்க மூட்டைக்குக் கொடுத்தோம். அதுக்கு மயிலை கால் போச்சு" என்றேன்.

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "சார், வேகமுள்ளுல ஒரு கோடு போட்டு வச்சுக்கிறேன்" என்றான். சுண்ணாம்புக் கோட்டுக் கதையை நான் அவன் வகுப்பில் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. எனக்கு மறந்துவிட்டது, அவனுக்கு மறக்கவில்லை. ஒரு வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்?

உங்கள் வீட்டில் பட்டைச் சக்கரம் ஏதாவது இன்னும் கிடந்தால், விறகாக்கிவிடாதீர்கள். ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். உங்கள் தாத்தா எந்த வருடம் டயர் போட்டார், ஏன் போட்டார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், இரும்பை.